டீசல் கிலோமீட்டருக்கு, தண்ணீர் நாளுக்கு: பாலைவனப் பயணத்துக்கு எவ்வளவு எடுத்துப் போவது?

டில்லி முனிர்காவிலிருந்து நான்கு நண்பர்கள் ஜனவரி கடைசியில் ராஜஸ்தானின் தார் பாலைவனத்துக்குக் கிளம்புகிறோம், ஒரு டீசல் ஸ்கார்ப்பியோ-என், ஒரு பெட்ரோல் ஜிம்னி என்று எழுதியிருக்கிறீர்கள். பிகானேர் வழியாக ஜெய்சல்மேர், அங்கிருந்து ராம்கர், தனோட், லோங்கேவாலா, அப்புறம் உள்ளூர் வழிகாட்டியோடு நான்கு நாள் கூடாரம் போட்டு மணல் தடங்களில் சுமார் 180 கிலோமீட்டர். "எத்தனை கேன் டீசல், எத்தனை கேன் தண்ணீர்?" என்பது கேள்வி.

நிலத்தடி நீர் ஆய்வு வேலையில் இருந்தவன் நான். ராமகிருஷ்ணபுரத்தில் வீடு, வருஷத்தில் பாதி நாள் பார்மேர், ஜெய்சல்மேர் மாவட்டங்களில் ஜீப் என்று பல வருஷம் ஓடியது. அந்த அனுபவத்தில் சொல்கிறேன். எண்களைச் சொல்வதற்கு முன் ஒரு விஷயம் தெளிவாக வேண்டும். எரிபொருளையும் தண்ணீரையும் நீங்கள் ஒரே கணக்கில் போட்டிருக்கிறீர்கள். டீசல் கிலோமீட்டருக்குச் செலவாகிறது. வண்டி நின்றால் அதுவும் நிற்கும். தண்ணீர் நாளுக்குச் செலவாகிறது. வண்டி நின்றாலும் அது ஓடிக்கொண்டே இருக்கும். சொல்லப்போனால் வண்டி சிக்கிக்கொண்ட நாளில்தான் தண்ணீர் கூடுதலாகக் குறையும், ஏனென்றால் அன்றைக்குத்தான் நீங்கள் மண்வெட்டியோடு நிற்பீர்கள். அதனால் இரண்டுக்கும் தனித்தனித் தாள் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எரிபொருள். டில்லியிலிருந்து ஜெய்சல்மேர் ஏறக்குறைய 800 கிலோமீட்டர், வழி நெடுக பங்க் உண்டு, அதைப் பற்றிக் கவலை வேண்டாம். தனோட் போவதற்கும் கேன் தேவையில்லை. ஜெய்சல்மேரிலிருந்து தனோட் சுமார் 120 கிலோமீட்டர், தனோட்டிலிருந்து லோங்கேவாலா சுமார் 40. சுற்றிக்கொண்டு ஜெய்சல்மேர் திரும்பினாலும் 300-க்குள் அடங்கிவிடும். எல்லாம் தார்ச்சாலை. ராம்கரில் டேங்கை நிரப்பிவிட்டுக் கிளம்பினால் போதும். அதற்கு மேல் வழியில் பங்க் இருக்கும் என்று நம்பிக் கணக்குப் போடாதீர்கள், அவ்வளவுதான்.

கேன் வேண்டியது அந்த 180 கிலோமீட்டர் மணலுக்கு. கம்பெனி சொல்கிற மைலேஜை மறந்துவிடுங்கள். கிளம்புவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு வண்டியிலும் டேங்கை விளிம்பு வரை நிரப்பி, சோஹ்னா பக்கம் போய்த் திரும்பி, அதே பங்க்கில் மறுபடி விளிம்பு வரை நிரப்பிப் பாருங்கள். அது உங்கள் வண்டியின் உண்மையான எண். இப்போது பங்க்கில் கிடைக்கிற 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலில் லிட்டருக்கு லிட்டர் ஆற்றல் சுத்தப் பெட்ரோலைவிட ஆறேழு சதவீதம் குறைவு. அதனால் இரண்டு மூன்று வருஷத்துக்கு முன் யாரோ எழுதி வைத்த ஜிம்னி மைலேஜும் உதவாது. வந்த எண்ணில் மணலுக்குப் பாதிக்கும் கீழே எடுத்துக்கொள்ளுங்கள். நெடுஞ்சாலையில் 15 தருகிற வண்டிக்கு மணலில் 6 என்றுதான் நான் போடுவேன். ஃபோர் லோவில், அதாவது நான்கு சக்கரமும் மெதுவாக ஆனால் அதிக இழுவையோடு சுழலும் நிலையில், குறைந்த கியரில் உறுமிக்கொண்டு போகிற நேரம்தான் அங்கே அதிகம்.

ஜிம்னிக்குப் போட்டுப் பார்ப்போம். 180-ஐ ஆறால் வகுத்தால் 30 லிட்டர். வழி தவறுவது, ஏற முடியாத மணல்மேட்டைச் சுற்றிக்கொண்டு போவது, மற்ற வண்டியை இழுப்பது எல்லாவற்றுக்கும் அதில் மூன்றில் ஒரு பங்கு, 10 லிட்டர். பங்க்கிலிருந்து மணல் தொடங்கும் இடம் வரை போக வர 5. மொத்தம் 45. ஜிம்னியின் டேங்க் 40 லிட்டர்தான். அதிலும் அடியில் இருக்கும் ஐந்து லிட்டரை நான் எண்ணவே மாட்டேன். மேட்டில் வண்டி சாய்ந்து ஏறும்போது டேங்க்கில் இருப்பதெல்லாம் ஒரு மூலைக்குப் போய்விடும், பம்ப் காற்றை உறிஞ்சும், இன்ஜின் நின்றுவிடும். அப்படியென்றால் கையில் 35, தேவை 45. ஒரு 20 லிட்டர் கேன் எடுத்துக்கொண்டால் பத்துப் போதும், பத்து மிச்சம். ஸ்கார்ப்பியோ-என்னுக்கு டேங்க் 57 லிட்டர். கனமான வண்டி என்பதால் அதற்கும் மணலில் 6 என்றே வைத்தால் அதே 45 வருகிறது. அடியில் ஏழு லிட்டரைக் கழித்தால் 50. தட்டுத்தடுமாறிப் போதும், ஆனாலும் ஒரு கேன் வையுங்கள்.

இதில் உங்கள் திட்டத்தின் பலவீனம் ஒன்று இருக்கிறது. ஒரு வண்டி டீசல், இன்னொன்று பெட்ரோல். அதாவது, ஒருவர் கையிருப்பு இன்னொருவருக்கு உதவாது. இரண்டு டீசல் வண்டி என்றால் 40 லிட்டர் பொதுவில் இருக்கும், யாருக்கு வேண்டுமோ எடுத்துக்கொள்ளலாம். உங்களுக்கு அப்படி இல்லை. அதோடு, இருட்டில் களைப்பில் டீசல் வண்டியில் பெட்ரோலை ஊற்றிவிட்டால் இந்தக் கால டீசல் பம்ப்பும் இன்ஜெக்டரும் கெட்டுப்போகும், அந்த இடத்தில் ரிப்பேர் கிடையாது. கேனின் மூடியைச் சுற்றியும் பக்கத்திலும் வண்ணப் பட்டை ஒட்டுங்கள். பெட்ரோல் கேன் ஜிம்னியில் மட்டும், டீசல் கேன் ஸ்கார்ப்பியோவில் மட்டும். புனலும் இரண்டு, தனித்தனி.

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். 1934-ஆம் வருஷத்துப் பெட்ரோலியம் சட்டப்படி, விற்பனைக்கு இல்லாத பெட்ரோலை லைசென்ஸ் இல்லாமல் 30 லிட்டர் வரைதான் வைத்திருக்கலாம். உலோகக் கேனாக இருந்தால் ஒவ்வொன்றும் 25 லிட்டருக்கு மேல் போகக் கூடாது. டீசலுக்கு வரம்பு மிக அதிகம், உங்களுக்குப் பிரச்சினை இல்லை. ஆக, ஜிம்னிக்கு ஒரு 20 லிட்டர் இரும்புக் கேன் என்பது கணக்குக்கும் பொருந்துகிறது, சட்டத்துக்கும் பொருந்துகிறது. பிளாஸ்டிக் தண்ணீர் கேனில் பெட்ரோல் வாங்கும் யோசனையே வேண்டாம். சில பங்க்கில் கேனில் ஊற்ற மறுப்பார்கள், முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

கேனை காஷ்மீரி கேட் மோட்டார் உதிரிபாகக் கடைகளில் தேடுங்கள். மேலே மூன்று கைப்பிடி வரிசையாக இருக்கும் பழைய ராணுவ மாடல்தான் நல்லது. 1930-களில் ஜெர்மனியில் உருவான வடிவம் அது. மூன்று கைப்பிடி இருப்பதால் நிறைந்த கேனை இரண்டு பேர் சேர்ந்து தூக்கலாம், காலிக் கேன் இரண்டை ஒரு கையில் பிடிக்கலாம். கைப்பிடிக்குக் கீழே கொஞ்சம் காற்று தங்க இடம் விட்டிருப்பார்கள். அந்த இடம் முக்கியம். பெட்ரோல் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு விரியும். விடியற்காலை ஐந்து டிகிரியில் நிரப்பிய 20 லிட்டர், வெயிலில் நின்ற வண்டிக்குள் 35-ஐத் தொட்டால் அரை லிட்டருக்கு மேல் கூடிவிடும். அதனால் கழுத்து வரை நிரப்பாதீர்கள். திறக்கும்போது மூடியைக் கொஞ்சம் தளர்த்தி, 'உஸ்' என்று காற்று போகும் வரை பொறுங்கள். பங்க்கில் நிரப்பும்போது கேன் வண்டிக்குள் இருக்கக் கூடாது, தரையில் வைத்துத்தான் நிரப்ப வேண்டும். நிலைமின்சாரப் பொறி ஒன்று போதும், தீப்பிடிக்க.

எரிபொருளைச் சேமிக்கும் பெரிய வழி டயரில் இருக்கிறது. மணல் தொடங்கும் இடத்தில் இறங்கி, நான்கு டயரிலும் காற்றை 18 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்குங்கள். டயர் அகலமாகத் தட்டையாகி மணல்மேல் மிதக்கும். 32 பிஎஸ்ஐயோடு போனால் மணலை உழுதுகொண்டு போவீர்கள், டீசல் தண்ணீராய்ப் போகும், மணிக்கொருமுறை தோண்ட வேண்டியிருக்கும். காற்று இறக்கினால் வேகமும் குறைய வேண்டும், சட்டென்று திருப்பக் கூடாது. தார்ச்சாலைக்குத் திரும்பியதும் மறுபடி ஏற்ற வேண்டும், அதற்கு பேட்டரியில் ஓடும் கம்ப்ரஸர் ஒன்று.

இதையெல்லாம் எகிப்து, லிபியப் பாலைவனங்களில் 1920-களின் கடைசியிலேயே செய்து பார்த்தவர் ரால்ஃப் பாக்னோல்ட் என்ற பிரிட்டிஷ் ராணுவப் பொறியாளர். சாதாரண ஃபோர்டு கார்களில் போனார். டயர் காற்றைக் குறைத்தது மட்டும் இல்லை, ரேடியேட்டர் கொதித்து வெளியேறும் நீராவியையும் அவர் வீணாக விடவில்லை. ஒரு குழாய் வைத்து, கொஞ்சம் தண்ணீர் இருக்கும் கேனுக்குள் அதைக் கொண்டுபோனார். ஆவி அங்கே குளிர்ந்து தண்ணீராகும். இன்ஜின் ஆறியதும் அதே குழாய் வழியாக அந்தத் தண்ணீர் ரேடியேட்டருக்கு உறிஞ்சப்படும். உங்கள் பானெட்டைத் திறந்தால் தெரிகிற கூலண்ட் டப்பா வேலை செய்வதும் ஏறக்குறைய இந்த வழியில்தான். இன்ஜினுக்குக் கொண்டுபோகும் தண்ணீரும் குடிக்கிற தண்ணீரும் ஒரே கையிருப்பு என்பதை அந்த மனிதர் உணர்ந்திருந்தார். எனக்கு அவர் மேல் பெரிய மரியாதை உண்டு.

சரி, தண்ணீருக்கு வருவோம். ஜனவரியில் அங்கே பகல் இதமாக இருக்கும், இரவு நடுக்கும். குளிர்காலம்தானே, தாகம் எடுக்காது என்று நினைப்பீர்கள். காற்று அவ்வளவு வறண்டது, வியர்வை தோலில் தெரிவதற்கு முன்பே காய்ந்துவிடும். ஒருவருக்கு நாளைக்குக் குடிக்க 4 லிட்டர், சமையலும் டீயும் பாத்திரமும் சேர்த்து 2, கை முகம் கழுவ 1. மொத்தம் 7. குளியல் இதில் இல்லை. நான்கு பேர், நான்கு நாள் என்று நீங்கள் 112 என்று போட்டிருப்பீர்கள். வழிகாட்டியை எண்ணினீர்களா? பலரும் அவரை விட்டுவிடுவார்கள். அவர் உள்ளூர்க்காரர், பழகியவர் என்று ஒரு எண்ணம். அவருக்கும் அதே தண்ணீர்தான் வேண்டும். ஐந்து பேர் என்றால் 140 லிட்டர்.

இது எல்லாம் நன்றாக நடந்தால். நடக்காவிட்டால் எத்தனை நாளுக்குக் கூடுதல் தண்ணீர் வேண்டும்? உங்களைத் தேடி ஆள் வர எத்தனை நாள் ஆகுமோ அத்தனை நாளுக்கு. அந்த எண்ணைப் பாலைவனம் தீர்மானிப்பதில்லை, நீங்கள் முனிர்காவில் விட்டுவிட்டு வரும் ஆள்தான் தீர்மானிக்கிறார். அங்கே பல இடங்களில் செல்போன் எடுக்காது. சாட்டிலைட் போன் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்பீர்கள். நம் நாட்டில் தொலைத்தொடர்புத் துறை அனுமதி இல்லாமல் அதை வைத்திருப்பதே குற்றம், அதுவும் எல்லை மாவட்டத்தில் பிடிபட்டால் பெரிய சிக்கல். அதனால் பழைய வழிதான். போகிற தடம், தங்கும் இடங்கள், வண்டி எண்கள், வழிகாட்டியின் வீட்டு போன் எண் எல்லாம் ஒரு தாளில் எழுதி வீட்டில் ஒருவரிடமும் ஜெய்சல்மேர் ஓட்டலில் ஒருவரிடமும் கொடுங்கள். "நான்காம் நாள் மாலை ஆறு மணிக்குள் போன் வரவில்லை என்றால் போலீசுக்குச் சொல்லுங்கள்" என்று நேரத்தோடு சொல்லுங்கள். அப்படிச் சொல்லி வைத்திருந்தால் இரண்டு நாள் கையிருப்பு போதும் என்பேன். ஒருவருக்கு 5 லிட்டர் வீதம் இரண்டு நாளுக்கு 50. ரேடியேட்டருக்கு ஒரு 10. மொத்தம் 200 லிட்டர். யாரிடமும் சொல்லாமல் போகிறீர்கள் என்றால் எவ்வளவு தண்ணீர் போதும் என்று என்னால் சொல்ல முடியாது.

200 லிட்டர் என்றால் 200 கிலோ, மூன்று பெரியவர்களின் எடை. ஜிம்னியின் பின்பக்கம் சின்னது. ஸ்கார்ப்பியோவில் 120, ஜிம்னியில் 80 என்று பிரியுங்கள். பாரம் அதிகம் என்று தோன்றினால் நபருக்கு இத்தனை என்ற அளவில் கை வைக்காதீர்கள். தடத்தை மாற்றி, இரண்டாம் நாள் முடிவில் ஒருமுறை ராம்கர் வந்து நிரப்பிக்கொள்ளுங்கள். எந்தக் காரணத்துக்காகவும் தண்ணீரை மேற்கூரையில் கட்டாதீர்கள். மணல்மேட்டின் பக்கவாட்டுச் சரிவில் மேல்பாரம் வண்டியை உருட்டிவிடும். கீழே, முடிந்தவரை இரண்டு அச்சுக்கும் நடுவில், பட்டையால் இறுக்கிக் கட்டுங்கள்.

எத்தனை லிட்டர் என்பதைவிட எப்படி எடுத்துப் போகிறீர்கள் என்பதில் எனக்குக் கவலை அதிகம். அதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு மார்ச் மாதம், பார்மேர் பக்கம், மூன்று பேர் ஜீப்பில் போனோம். பின்னால் 20 லிட்டர் பிளாஸ்டிக் கேன் இரண்டு வைத்திருந்தேன். பக்கத்தில் ஜாக்கி. கட்டியது நான்தான். மாலையில் ஒரு கேனைத் தூக்கினேன், கை அப்படியே மேலே போனது, அவ்வளவு லேசாக இருந்தது. ஜாக்கியின் கைப்பிடி நுனி நாள் முழுக்க அந்தக் கேனின் அடியில் உராய்ந்திருக்கிறது. திருப்பிப் பார்த்தால் மிளகு அளவு ஓட்டை, சுற்றிலும் பிளாஸ்டிக் வெள்ளையாகச் சுரண்டியிருந்தது. தரைவிரிப்பு சொதசொதவென்று கிடந்தது. காலையில் 40 லிட்டர், மாலையில் 18. அன்றிரவே திரும்பினோம், இரண்டு நாள் வேலை பாதியில் நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்றாலும், இருட்டில் அந்தப் பதினெட்டை வைத்துக்கொண்டு வண்டி ஓட்டிய மூன்று மணி நேரம் இன்றும் எனக்கு மறக்கவில்லை.

அதற்குப் பிறகு இரும்பு எதுவும் தண்ணீர்க் கேனைத் தொட விட்டதில்லை. நடுவில் பழைய போர்வையோ ரப்பர் பாயோ இருக்கும். எதுவும் 20 லிட்டருக்கு மேல் ஒரே கேனில் வைக்க மாட்டேன், பத்து லிட்டர் கேன்கள் இன்னும் நல்லது. ஒன்று போனாலும் மற்றவை இருக்கும். டில்லியில் வீட்டுக்கு வருகிற உருண்டைக் குடிதண்ணீர்க் கேன் இதற்கு ஆகாது. அதன் மூடி குலுக்கல் தாங்காது, உருண்டை என்பதால் கட்டவும் முடியாது. மண்ணெண்ணெய், எண்ணெய் இருந்த கேனை எவ்வளவு கழுவினாலும் வாடை போகாது. ஒரு வாரம் முன்பே புதுக் கேன்களில் தண்ணீர் நிரப்பி, படுக்கவைத்து, கீழே செய்தித்தாள் விரித்துப் பாருங்கள். ஈரமானால் மாற்றிவிடலாம்.

காலையில் ஒவ்வொருவருக்கும் அவரவர் பங்கைத் தனி பாட்டிலில் ஊற்றிக் கொடுத்துவிடுங்கள். மாலையில் பாட்டில் நிறைந்திருந்தால் அவர் குடிக்கவில்லை என்று தெரிந்துவிடும். வண்டி சிக்கிவிட்டால் தண்ணீரை மிச்சம் பிடிக்கிறேன் என்று வாயைக் கட்டாதீர்கள். கேனில் தண்ணீர் இருக்கும்போதே மயங்கி விழுந்தவர்கள் உண்டு. குறைக்க வேண்டியது வியர்வையை. வெயில் ஏறுவதற்கு முன் காலையிலும், சாய்ந்த பிறகு மாலையிலும் மட்டும் தோண்டுங்கள். நடுப்பகலில் நிழலில் உட்காருங்கள், முழுக்கைச் சட்டையைக் கழற்றாதீர்கள். வண்டியை விட்டு நடந்து போகாதீர்கள், தேடுகிறவர் கண்ணில் முதலில் படுவது வண்டிதான். ஓஆர்எஸ் பாக்கெட் இருபது வையுங்கள். தீர்ந்துபோனால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. ரேடியேட்டர் தண்ணீரை எந்த நிலையிலும் குடிக்காதீர்கள், கூலண்ட்டில் இருக்கும் கிளைகால் விஷம்.

இந்தப் பயணத்தை மே மாதத்துக்குத் தள்ளிப்போடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். கூடாது. பிகானேரிலிருந்து ஜெய்சல்மேர் போகும் வழியில் இருக்கிற பலோடியில் 2016 மே 19 அன்று 51 டிகிரி பதிவானது. அந்த வெயிலில் குடிக்க மட்டுமே ஒருவருக்குப் பத்து லிட்டர் வேண்டியிருக்கும். மேலே போட்ட கணக்கு எதுவும் அப்போது நிற்காது.

"வழியில் ஊர்கள் இருக்கின்றனவே, கிணற்றில் எடுத்துக்கொள்ளலாமே" என்ற வரிக்கும் பதில் சொல்ல வேண்டும். ஊர்கள் உண்டு, உலகத்திலேயே மக்கள் நெருக்கமாக வாழும் பாலைவனம் இது. ஆனால் ஆண்டு மழை 200 மில்லிமீட்டரை எட்டாத இடம். நிலத்தடி நீரில் பல இடங்களில் உப்பு, சில இடங்களில் ஃபுளோரைடு. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உப்பும் ஃபுளோரைடும் போகாது. நல்ல தண்ணீர் கிடைக்கும் இடங்களில் ஒன்று 'குயி' என்ற குறுகிய கிணறு. கீழே இருக்கும் ஜிப்சம் அடுக்குக்கு மேல் மணலில் தங்கிய மழை ஈரம் இரவெல்லாம் கசிந்து ஊறும். ஒரு நாளைக்குச் சில குடம்தான் வரும். ஒரு குடும்பம் அதை நம்பி இருக்கிறது. நீங்கள் கேட்டால் விருந்தாளி என்று கொடுத்துவிடுவார்கள், அந்த ஊர் மனிதர்கள் அப்படித்தான். அதனால்தான் கேட்கக் கூடாது என்கிறேன். உயிர் போகிற அவசரத்துக்கு மட்டும். இந்திரா காந்தி கால்வாய்த் தண்ணீர் கிடைத்தால் துணியில் வடிகட்டிக் கொதிக்க வைத்துப் பயன்படுத்தலாம். பாத்திரத்துக்கும் ரேடியேட்டருக்கும் அது தாராளமாகப் போதும்.

எல்லைக்கு நெருக்கமான தடங்களுக்கும் பாலைவனத் தேசியப் பூங்காப் பகுதிக்கும் அனுமதி வேண்டும். வழிகாட்டி வாங்கித் தருவார் என்று விட்டுவிடாமல் ஜெய்சல்மேர் போனதும் நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். அனுமதி கிடைக்காமல் தடம் மாறினால் 180 என்ற எண்ணும் மாறும், அன்றிரவே இரண்டு தாளையும் மறுபடி போட வேண்டும்.

திரும்பும்போது மிச்சத் தண்ணீரை மணலில் ஊற்றாதீர்கள் தம்பி. தார்ச்சாலைக்கு முன்னால் வருகிற கடைசி வீட்டில் நிறுத்தி, நல்ல தண்ணீர் என்று சொன்னால் குடம் கொண்டு வருவார்கள். மிச்சப் பெட்ரோலை ராம்கரிலேயே ஜிம்னியின் டேங்க்கில் ஊற்றிவிட்டு, காலிக் கேனை மூடி திறந்து காயவிடுங்கள். முனிர்கா அடுக்குமாடி பால்கனியில் பெட்ரோல் கேன் இருக்கவே கூடாது.